மூன்றாம் வகுப்பில் ஒரு ஹெல்மெட்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன்: தலையில் ஹெல்மெட்டோடு வாய்ப்பாடு நடத்திய டீச்சர் உலகத்திலேயே எங்கள் திருவொற்றியூரில்தான் இருந்தார்.

நான் அந்தப் பள்ளியில் ஆயா. டீச்சர் பெரம்பூரிலிருந்து கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் புகுந்து வருவார். வகுப்பிலும் அதே ஓட்டம்தான். கரும்பலகையில் பாதிக் கணக்கு, ஜன்னலோரம் மீதிக் கணக்கு, விடை கடைசி பெஞ்சில்.

அந்த வகுப்பில் ஷாலினி என்று ஒரு பெண். பேச்சு வராது. மற்றப் பிள்ளைகளோடுதான் படிக்க வேண்டும் என்று சேர்த்திருந்தார்கள். வெளியே லாரி ஹாரன் அடித்தால் போதும், கையில் கிடைத்தது பறக்கும். ஒருநாள் சத்துணவுத் தட்டு பறந்ததில் டீச்சருக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். அன்றிலிருந்து ஹெல்மெட் இறங்கவில்லை. அதன் கண்ணாடி மேலே போனால் பாட்டு, கீழே வந்தால் கணக்கு.

சேதி தெருவுக்குப் போனது. "டீச்சரே ஹெல்மெட் போட்டுகினு கீது, நம்ம புள்ள மண்ட இன்னா இரும்பா?" என்றார்கள். மறுநாள் வகுப்பு முழுக்க மஞ்சள்! அப்பாக்கள் ஹார்பரிலும் கம்பெனியிலும் போடுகிற ஹெல்மெட்டுகளை மாட்டிப் பிள்ளைகளை அனுப்பியிருந்தார்கள். பாதிப் பேருக்குக் கண்ணே தெரியவில்லை. ஒருவன் சுவரில் முட்டினான். வலிக்கவில்லை என்று தெரிந்ததும் திரும்பத் திரும்ப முட்டினான்.

ஹெட்மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்குத்தான் ஹெல்மெட் இல்லை.

பின்னாலேயே பெற்றோர் அவர் ரூமுக்கு வந்துவிட்டார்கள். "அந்தப் பொண்ண அனுப்பிடு சார். இல்லாங்காட்டி எங்க புள்ளைங்கள இட்டுகினு பூடுவோம்."

ஷாலினியின் அம்மா மீன் கூடையை வெளியே இறக்கிவிட்டு, வாசலைத் தாண்டாமல் நின்றாள். "வூட்ல கட்டிப்போட்டுட்டுதான் சார் ஏவாரத்துக்குப் போய்கினு இருந்தேன். இங்க சேத்தப்புறந்தான் அவுத்துவுட்டேன்."

ஹெட்மாஸ்டர் டீச்சர் பக்கம் திரும்பினார். "அடி வாங்கினது நீங்க. நீங்களே சொல்லுங்கம்மா."

டீச்சர் கண்ணாடியைத் தூக்கினார். "அடி வாங்க நான் வேலைக்கு வரல சார். தினம் பயந்துகிட்டேதான் உள்ள நுழையறேன். அதுக்காக அவள மறுபடியும் கட்டிப்போடச் சொல்றீங்களா? அவ பக்கத்துல உட்கார ஒரு ஆள் குடுங்க."

"ஆளுக்கு நான் எங்கம்மா போவேன்?"

"யோசிங்க. அதுவரைக்கும் இங்கயே இருக்கேன்" என்று டீச்சர் ஹெட்மாஸ்டருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். டீச்சர் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். நின்றே பழக்கமில்லாத ஹெட்மாஸ்டர் கால் மாற்றி மாற்றி நின்றார். கடைசியில் அவர் கண் என்மேல் விழுந்தது. "ஆயா, தொடப்பத்த வச்சுட்டு அந்த கிளாசுக்குப் போ. வேற ஆள் கேட்டு எழுதறேன்."

ஐந்தாவதோடு படிப்பை விட்டவள், இந்த வயதில் மூன்றாவதில் உட்கார்ந்தேன். ஷாலினியை ரோட்டுப் பக்கத்திலிருந்து உள்பக்கம் மாற்றினோம். ஹாரன் கேட்டால் அவள் காதைப் பொத்துவேன். சில நாள் அடங்குவாள். சில நாள் என் கையைக் கடிப்பாள். டீச்சரின் ஹெல்மெட் மேசைக்கு இறங்கியது, ஆனால் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான்.

வேறு ஆள் இன்னும் வரவில்லை. டீச்சர்தான் மாற்றலாகிப் போய்விட்டார். மணலி என்கிறார்கள், அத்திப்பட்டு என்கிறார்கள். அவரைப் பார்ப்பவர்கள், நான் எழுதியது சரியா என்று அவரையே கேட்டுத் திருத்திவிடுங்கள். மத்தியானம் ஷாலினிக்கு ஊட்டிவிட்டு, தன் டப்பாவைத் திறக்காமலே, மணி அடித்ததும் வகுப்புக்கு ஓடுவார். அதனால் முதலில், சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.