கிழ எலியும் பச்சைச் செருப்பும்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். என் மூளையும் நலம். இரண்டாவதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது, உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

போன மாதம் நான் வழி தவறிய கதை உங்கள் காதுக்கு வந்திருக்கும். அதில் பாதி பொய். நீல கேட் வீட்டருகே நான் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அந்தப் புண்ணியவான்கள் கேட்டுக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். இது என் குற்றமா, பெயிண்டர் குற்றமா? வாங்கிய ஐஸ்கிரீம் வீடு சேர்ந்தபோது டம்ளரில் ஊற்றிக் குடிக்கும் பதத்தில் இருந்தது, அது மட்டும் உண்மை. அன்றே உங்கள் தங்கை ஸ்கூட்டர் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "ஒரு நாள் தனியா, ஒழுங்கா வீடு வந்து சேருங்க. அப்புறம் சாவியப் பத்திப் பேசலாம்" என்று தீர்ப்பு. சாவி இல்லாமல் நான் பாதி ஆளாகிவிட்டேன், மச்சான்.

வீட்டில் விட்டால் எங்கேயாவது கிளம்பிவிடுவேன் என்று மகள் என்னைத் தன் ஆய்வகத்துக்கே அழைத்துப் போகிறாள். வயதானால் எலிகளுக்கு இடம் ஏன் மறந்துபோகிறது என்பது அவள் ஆராய்ச்சி. (என்னை ஏன் கூட்டிப்போனாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.) பெரிய வட்டத் தொட்டி, வெள்ளையாகக் கலங்கிய தண்ணீர், அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடை. சுவரில் ஒட்டிய படங்களை அடையாளம் வைத்து எலி நீந்திப் போய் மேடையில் ஏற வேண்டும். இளசுகள் சட்டென்று ஏறிவிடும். கிழடுகள் சுற்றிச் சுற்றி வரும். அதில் 'பெரியவர்' என்று ஒரு எலி. காது மடங்கி, மீசை நரைத்து, பார்த்தவுடனே எனக்குச் சொந்தக்காரர் போல இருந்தது. மச்சான், அந்தப் பெரியவர் தினமும் நேராக நீந்திப் போய் மேடையில் ஏறிவிட்டார்! இளசுகளெல்லாம் பின்னால்! மகளுடைய பேராசிரியர் துள்ளினார், மகள் துள்ளினாள், நான் கைதட்டியதில் கண்ணாடி கீழே விழுந்தது.

நேற்று புழுக்கம் தாங்காமல், தினமும் மேடைப் பக்கம் கிடக்கும் என் ஸ்டூலை எதிர்ப்பக்கம் மின்விசிறிக்குக் கீழே போட்டுக்கொண்டேன். பெரியவர் குதித்தார், மேடைக்கு முதுகைக் காட்டி, நேராக என்னிடம் நீந்தி வந்து தொட்டிச் சுவரைப் பிறாண்டினார்.

"அப்பா! திரைக்குப் பின்னாடி உட்காரச் சொன்னேன்ல? அது படத்தையே பாக்கலப்பா. இவ்வளவு நாளா உங்க மஞ்சள் சட்டையத்தான் பாத்திருக்கு!"

ஆராய்ச்சி பாழ், பேராசிரியர் முகம் தொங்கிவிட்டது. எனக்கோ சந்தோஷம் பிடிபடவில்லை! பெரியவர் மட்டியில்லை, பளிச்சென்று ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

நானும் ஒன்றைப் பிடித்தேன். எங்கள் கட்டடத்தில் எல்லா மாடியும் ஒரே அச்சு. ஆனால் உங்கள் தங்கையின் பச்சைச் செருப்பு இருக்கிறதே, அந்தக் கண்ணைக் குத்தும் பச்சையை வேறு யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். இன்று ஆய்வகத்திலிருந்து தனியாகக் கிளம்பினேன், பஸ் ஏறினேன், இறங்கினேன், படி ஏறினேன், செருப்பைப் பார்த்தேன், உள்ளே நுழைந்தேன். வீடு! ஜன்னல் திரையை மாற்றியிருக்கிறாள். என்னைக் கேட்டா எதையும் செய்கிறாள்? மேசையில் பேனாவும் காகிதமும் தயாராக இருந்தன. சமையலறையில் அவள் யாரோடோ சிரித்துப் பேசுகிறாள். வெளியே வந்ததும் சாவியைக் கேட்கப் போகிறேன். என் வெற்றிக்கு நீங்களே சாட்சி.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
மூளை கலங்காத உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். சமையலறையிலிருந்து உங்கள் தங்கை வந்தாள். கூடவே இந்த வீட்டுக்கார அம்மாளும் வந்தார். இது மூன்றாவது மாடியாம். நாங்கள் இருப்பது நாலாவது. அரட்டையடிக்க வந்தவள் செருப்பை இங்கே விட்டிருக்கிறாள். "பரவால்ல, எழுதி முடிச்சிட்டே போங்க" என்றார் அம்மாள். எனக்கு உள்ளுக்குள் பயமாகிவிட்டது, மச்சான். உங்கள் தங்கை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். சிரிப்பு நின்ற பிறகும் துடைத்தாள்.

"வீட்டக் கண்டுபிடிக்கலயே நீங்க."

"உன்னக் கண்டுபிடிச்சிட்டேன்ல?"

கைப்பையைத் திறந்தாள். "வண்டிய நீங்க ஓட்டுங்க. பின்னாடி உக்காந்து நான் வழி சொல்றேன்."

பேனா இந்த அம்மாளுடையது. திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறேன்.