கரட் மூட்டை சுமந்த மகாராணி

தொண்ணூறுகளில் நியூசிலாந்தில், ஆக்லாந்தின் தென்பகுதியில், குதி உயர்ந்த சப்பாத்து அணிந்தபடி கரட் மூட்டை சுமக்க வல்ல மனிதர் ஒருவரே வாழ்ந்தார். அவருக்கு முன்னும் அப்படி ஒருவர் இருந்ததில்லை, பின்னும் வரவில்லை. இதை எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்லத் தயங்கமாட்டேன்.

அவருடைய சொந்த நாடு ஜோர்தான். வார நாட்களில் புக்கெகோஹியில் மரக்கறி பொதி செய்யும் கொட்டகையில் வேலை. வார இறுதியில் நகரத்து அரங்குகளில் பெண்வேடம் பூண்டு, அரபுப் பாடல்களுக்கு ஆடுவார். புதுச் சப்பாத்து மேடையில் காலைக் கடிக்கக்கூடாது என்பதற்காக, முதலில் அதைக் கொட்டகையில் போட்டுப் பழக்குவார். கரட் மூட்டை விவகாரத்தின் காரணம் அதுவே. உடன் வேலை செய்த நம்மவர்கள் அவருக்கு மகாராணி என்று பெயரிட்டார்கள். கேலியாக வைத்த பெயரை அவர் பட்டமாக ஏற்றுக்கொண்டார். அவர்களிடமே யாழ்ப்பாணத் தமிழையும் கற்றார். வசவுகளில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

மனுகாவில் நாங்கள் ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். துணி காயப்போடும் கொடி பொதுவானது. கல்லூரியில் கணிதம் கற்பித்தவனும் திருச்சபைச் செயலாளனுமாகிய எனது வெள்ளை வேட்டிக்கு அருகே ஊதாநிறக் கவுண் ஒன்று காற்றில் ஆடுவதை ஒரு காலையில் கண்டு திகைத்து நின்றேன்.

"கோவிக்காதேங்கோ மாஸ்டர்," என்றார் மகாராணி. "அதுகள் ரெண்டும் சண்டை பிடிக்காது."

சண்டை பிடிக்கவில்லைதான். ஆனால் அடுத்த ஞாயிறு நான் வேதபாடம் வாசிக்க எழுந்தபோது, முன்வரிசையிலிருந்த திரேசா அக்கா வாய்க்குள் சிரித்தபடி, "மாஸ்டர், உங்கட தோளில பரலோகம் மினுங்குது," என்றார். கவுணிலிருந்து உதிர்ந்த மினுக்கப் பொட்டுகள் என் சட்டையில் ஒட்டியிருந்தன. அன்று சபையார் வேதபாடத்தை மிகுந்த உற்சாகத்தோடு கேட்டனர்.

திரேசா மன்னாரைச் சேர்ந்தவர்; என்னைவிட இளையவர் எனினும் ஊருக்கெல்லாம் அக்கா. அவருடைய தம்பி அருள் அதே கொட்டகையில் வேலை செய்தார். தினமும் மகாராணியைத் தன் பழைய வான் வண்டியில் ஏற்றிச் செல்வதும் இறக்கிவிடுவதும் அவரே. இறக்கிவிட்ட பின்பும் அந்த வான் நெடுநேரம் புறப்படாது. எஞ்சின் பழுது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் கொடியடியில் மகாராணி கேட்டார்: "மாஸ்டர், உங்கட ஆக்கள் பொம்பிளை கேட்டுப் போகேக்க என்ன கொண்டு போவினம்?"

"எங்களில மாப்பிளையைத்தான் கேட்டுப் போறது. தட்டத்தில பழம் கொண்டு போவினம்."

"மாப்பிளையையோ கேக்கிறது?" அவர் முகம் மலர்ந்தது. "அப்ப எல்லாம் சரி!"

பொது அறிவின்மேல் அவருக்குள்ள ஆர்வத்தை மெச்சினேன்.

அருள்தான் மகாராணியின் முதற்காதல் என்பதையும், சிட்னியில் அக்கா பார்த்திருந்த பெண்ணைக் காண அருள் விரைவில் போகவேண்டியிருந்தது என்பதையும் பின்னரே அறிந்தேன். வாசகர் முன்னரே அறிதல் நலம். "அக்கா மறிக்காட்டி நான் போகேல்லை, உம்மோடயே இருப்பன்," என்று அருள் வாக்களித்திருந்தார். ஆனால் அக்காவிடம் வாய் திறக்க அவருக்குத் துணிவில்லை. ஆகவே மகாராணி தாமே கேட்கப் புறப்பட்டார்.

அந்த ஞாயிறு பிற்பகல், நத்தார்ப் பண்டிகைப் பாடல் ஒத்திகை பற்றிப் பேச நானும் திரேசாவின் வீட்டிலிருந்தேன். வாசலில் ஒருவர் வந்து நின்றார்: சாம்பல்நிறக் கோட்டு, ஒட்ட வெட்டிய முடி, மையில்லாத கண், கையில் பழத்தட்டம். காப்புறுதி முகவர் என்று எண்ணி எழுந்து கைகொடுத்த பின்னரே ஆளை அடையாளம் கண்டேன். திரேசா தேநீர் கொடுத்தார். மகாராணி அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, கைகளை மடியில் கோத்தபடி அமர்ந்திருந்தார். தேநீரில் ஆடை படர்ந்தது. அருள் சுவரைப் பார்த்தார்.

நம்மிடையே ஒரு வீட்டில் வாய் நனைக்க மறுப்பதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. சாதியின் பெயரால் ஆறிப்போன கோப்பைகள் பலவற்றைக் கண்டவர் திரேசா. எவரும் ஒன்றும் கேட்கவில்லை. இறுதியில் அவர் எழுந்து, கோப்பையை எடுத்துத் தொட்டியில் ஊற்றினார்.

"எங்கட வீட்டுத் தேத்தண்ணி சில ஆக்களுக்கு இறங்காது."

மகாராணி எழுந்து தலை வணங்கிவிட்டு வெளியேறினார். அருள் பின்தொடரவில்லை. அந்த மாதமே சிட்னிக்குப் போனார், மணமும் முடித்தார்.

பல வாரங்களின் பின் கொடியடியில்தான் மகாராணி அன்று குடியாததன் காரணத்தைச் சொன்னார்.

"எங்கட நாட்டில, ஒரு வீட்டில ஏதும் கேட்டுப் போனா, தாற கோப்பியைக் குடியாமல் வைப்பம். 'என்ன வேணும்?' எண்டு வீட்டுக்காரர் கேக்கோணும். ஓம் எண்டு சொன்னாத்தான் குடிக்கிறது. அவ ஊத்திப்போட்டா. அதைவிட என்ன பதில் மாஸ்டர்?"

நான் நம் வழக்கத்தை விளக்கினேன். அவர் சிரித்தார், கண்மை கன்னம்வரை வழியும்வரை சிரித்தார். பிறகு ஈரக் கவுணை உதறி விரித்தபடி, "மேடையில போடுறதெல்லாம் என்ர உடுப்பு. அண்டைக்குப் போட்டதுதான் வேஷம்," என்றார். கவுணின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டேன்.

திரேசாவிடம் போய் நடந்ததை விளக்கினேன். கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினார். "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பன் எண்டு எனக்கே தெரியாது மாஸ்டர். ஆனா கேட்டிருக்கலாம்."

அருளுக்கும் தொலைபேசினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, தாழ்ந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஆள் நேரத்துக்குச் சாப்பிடுதோ?"

அடுத்த ஆண்டு மகாராணி மெல்பேர்ணுக்குக் குடிபெயர்ந்தார். விமான நிலையத்துக்கு என் காரிலேயே அழைத்துச் சென்றேன். ஊதாக் கவுண், முழு அலங்காரம், அந்தக் குதி உயர்ந்த சப்பாத்து. சவரிமுடிப் பெட்டியைச் சுமந்தவன் நான். வழியில் அருளின் கேள்வியைச் சொன்னேன். "சாப்பிடுறன் எண்டு சொல்லுங்கோ," என்றுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசலில் சபையைச் சேர்ந்த குடும்பமொன்று, உறவினரை வரவேற்க வந்து நின்றது. குடும்பத்தலைவர் மகாராணியை உச்சி முதல் பாதம்வரை பார்த்தார். பின் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த பெட்டியையும் பார்த்தார்.

"ஆர் மாஸ்டர் இது?"

கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

"எங்கட ஆள்," என்றேன்.