எல்லைக் கல்லடியில் இருபத்தைந்து நிமிடம்

எசன், ஜெர்மனி
செவ்வாய்க்கிழமை

அன்பும் மதிப்பும் உள்ள சந்திரகாந்தி மச்சாளுக்கு,

உங்கள் முழங்கால் நோ குறைந்திருக்கும் என்றும், லண்டனில் அண்ணையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்றும் நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன். இனி உண்மையைச் சொல்கிறேன்.

தொலைபேசியில் சொல்லக்கூடிய விடயத்தை இந்தக் காலத்தில் ஏன் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. உங்கள் தம்பி நாள் முழுவதும் வீட்டுக்குள்தான் இருக்கிறார். நான் பேசுவது எல்லாம் அவருக்குக் கேட்கும். ஆகவே நான் வேலை செய்யும் நூலகத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சாப்பிடாமல் இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். அவர் இனி மலை ஏறக்கூடாது. நீங்கள் மறிக்க வேண்டும். செப்டெம்பரில் கோர்சிகாத் தீவுக்குப் போவதற்குப் பெயர் கொடுத்திருக்கிறார். அங்குள்ள மலை இரண்டாயிரத்து எழுநூறு மீட்டர் உயரம். என் சொல் அவர் காதில் விழுவதோடு சரி. அவர் பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள்.

மார்கழியில் அவருக்கு இதயத்தில் குழாய் வைத்தது உங்களுக்குத் தெரியும். இருபத்துநாலு வருடம் ஹோட்டல் குசினியில் நெருப்புக்கு முன்னால் நின்ற மனிதரை, இனி அந்த வேலை வேண்டாம் என்று வைத்தியர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதன் பிறகு நாலு மாதம் யன்னலடியில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். எதிர்வீட்டில் எந்தக் கிழமை எந்த நிறக் குப்பைவாளி வெளியே வரும் என்பதை அவர்களைவிட இவர் நன்றாக அறிந்திருந்தார். சித்திரையில் வைத்தியர், "ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நடவுங்கள்" என்றார். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். ஏரிக்கரையைச் சுற்றி என்றுதான் அந்த மனிதர் சொன்னார். ஆனால் உங்கள் தம்பி போய்ச் சேர்ந்தது கஜந்தியின் மலைநடைக் குழுவில். கஜந்தி கெல்சென்கிர்ச்சனில் பிறந்து வளர்ந்த பிள்ளை. பிசியோதெரபி செய்கிறாள். தமிழ்ச் சனத்துக்குச் சீனி வருத்தம் வராமல் தடுப்பது தன் கடமை என்று நம்புகிறாள். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதற்கும் "சூப்பர்" என்கிறவர்களை நம்பி நான் ஒரு மலையடிக்குக்கூடப் போனதில்லை. இந்த முறை போனேன். போகாவிட்டால் அவரைக் கொண்டுவந்து தருவது யார்?

வைகாசி மாதம் பதினொரு பேர் டுசல்டோர்ஃபில் இருந்து பிரான்ஸில் உள்ள நீஸுக்குப் பறந்தோம். அங்கிருந்து ரயிலில் இத்தாலிப் பக்கம். கிரமொண்டோ என்று ஒரு மலை. ஒரு சரிவு இத்தாலி, மற்றச் சரிவு பிரான்ஸ், கீழே கடல். படத்தில் அழகாகத்தான் இருந்தது. பாணும் அப்பிளும் மட்டும் கொண்டுவரச் சொல்லிக் கஜந்தி மூன்று முறை செய்தி அனுப்பியிருந்தாள். இராசலிங்கம் அண்ணை சோறு அவிக்கிற மின்பானையைக் கொண்டுவந்திருந்தார். அவருக்கு அறுபத்தாறு வயது, குழுவில் மூத்தவர், அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புளிச்சோறு கட்டி எல்லாரும் வாசலில் நிற்க, வயிறு சரியில்லை என்று குளியலறைக்குப் போன இராசலிங்கம் அண்ணை எட்டரைக்கு வெளியே வந்து, கையில் பலசரக்குக் கடை நாட்காட்டியை வைத்துக்கொண்டு, "ஒன்பதில இருந்து பத்தரை ராகுகாலம்" என்றார். நடந்துகொண்டிருந்தால் பரவாயில்லையாம். புறப்படத்தான் கூடாதாம். அதற்குள் இன்னொருவர், கோடைகாலத்துக்கு இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் தள்ளி வைப்பதால் அது பத்தில் இருந்து பதினொன்றரையாக இருக்க வேண்டும் என்றார். பெரிய விவாதம், அதிலேயே ஒன்பது தாண்டிவிட்டது. கடைசியில் ஒருவர் மனமும் நோகாமல் இரண்டையும் விட்டோம். பதினொன்று முப்பத்தைந்துக்குக் கொதிக்கிற வெயிலில் நாங்கள் ஏறத் தொடங்கும்போது, ஏறி முடித்த ஜெர்மன்காரர்கள் எங்களைத் தாண்டி இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் "குட்டன் டாக்" என்று சொல்லிவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள்.

மச்சாள், நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவள். சமவுயரக் கோட்டைப் பார்த்தாலே எங்கே கால் நோகும் என்று எனக்குத் தெரியும். கடதாசி வரைபடம் ஒன்று வைத்திருந்தேன். அந்தப் பாதை ஆற்றுப் பள்ளத்துக்குள் இறங்கும் என்று சொன்னேன். கஜந்தி கைத்தொலைபேசியைக் காட்டி, "இல்லை அன்ரி, இது ஷோர்ட்கட்" என்றாள். முக்கால் மணித்தியாலம் முள்ளுக்குள்ள இறங்கி, திரும்ப அதே முள்ளுக்குள்ளால ஏறினம். நான் ஒண்டும் சொல்லேல்லை. சொல்லாமல் விட்டதுக்கு எனக்கு இன்னும் ஒருத்தரும் நன்றி சொல்லேல்லை.

உங்கட தம்பிக்கு மூச்சு வாங்குது. பத்தடிக்கு ஒருக்கா நிக்கிறார். முதுகுப் பையைத் தாங்கோ எண்டா, "தண்ணிப் போத்தில்தான், பாரம் இல்லை" எண்டு இறுக்கிப் பிடிக்கிறார். மறைக்கிறார் எண்டு விளங்கிட்டுது, ஆனால் சனத்துக்கு முன்னால பையை இழுத்துப் பறிக்கிற பழக்கம் எனக்கில்லை.

உச்சிக்குக் கிட்ட ஒரு கல்லு. ஒரு பக்கத்தில இத்தாலி எண்டும் மற்றப் பக்கத்தில பிரான்ஸ் எண்டும் எழுத்து. வேலி இல்லை, பலகை இல்லை, ஒரு ஆடுகூட இல்லை. எல்லாரும் கதைச்சுக்கொண்டு அங்கால போட்டினம். இவர் நிண்டிட்டார்.

"போங்கோ, வாறன்."

"என்ன, நெஞ்சு நோகுதோ?"

"இல்லை. அங்கால பிரான்ஸ்."

"ஓம், தெரியும். அங்க இருந்துதானே ரயிலில வந்தனாங்கள். நடவுங்கோ."

"அது ரயில், இது நடை. ஆரும் வருவினம். பாக்காமல் விடமாட்டினம்."

சொல்லிப்போட்டு அந்தக் கல்லடியில இருந்து பையைத் திறந்தார். உள்ளுக்குத் தண்ணிப் போத்தில் ஒண்டு. மிச்சம் முழுக்க ஓர்ட்னர், மச்சாள். எங்கட வீட்டு அலுமாரியில நிக்கிற அந்தத் தடிச்ச சாம்பல் நிறக் கோப்பு. தொண்ணூற்று மூண்டில அகதி விண்ணப்பத்தை நிராகரிச்ச கடிதம், மூண்டு மாதத்துக்கு ஒருக்காப் புதுப்பிச்ச தற்காலிக அனுமதிகள், ஜெர்மன் குடியுரிமைப் பத்திரம், எங்கட கலியாணப் பதிவு, எங்கட மகள் ஆதிரை அஞ்சு வயசில நீச்சல் பழகி எடுத்த சான்றிதழ், உடுப்புத் தோய்க்கிற மெசினின்ர உத்தரவாதம். எல்லாம் மூலப் பிரதி. வீட்டை வந்து நிறுத்துப் பாத்தன், மூண்டு கிலோ எண்ணூறு கிராம்.

"பாஸ்போட் ஒண்டு போதுமே?"

"அதை எப்பிடி எடுத்தனீ எண்டு கேட்டால்?"

"நீங்கள் ஜெர்மன்காரர் ஆகிப் பதினெட்டு வரியமாச்சு!"

"அது எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியோணுமே."

கஜந்தி திரும்பி வந்து பாத்திட்டுச் சிரிச்சாள். "அங்கிள், இது ஷெங்கன், எல்லையில செக்கிங் இல்லை! ஒருத்தரும் வரமாட்டினம். வேணுமெண்டால் நான் செக் பண்ணட்டோ?" எல்லாரும் சிரிச்சினம். நானும் கொஞ்சம் சிரிச்சிருப்பன். இராசலிங்கம் அண்ணை மட்டும் சிரிக்கேல்லை. "நீ போ பிள்ளை, சோத்துப் பாசலைப் பிரி" எண்டு அவளை அனுப்பிப்போட்டு, தானும் வந்து இவருக்குப் பக்கத்தில இத்தாலியில இருந்தார். ரெண்டு கிழவரும் இருபத்தஞ்சு நிமிசம் பிரான்ஸைப் பாத்துக்கொண்டு இருக்கினம். உங்கட தம்பி இந்த ஐரோப்பாவுக்குள்ள எந்தக் காட்டுக்குள்ளால, எத்தினை நாள் நடந்து வந்தவர் எண்டு எனக்கு இண்டைக்கு வரைக்கும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

அந்த நேரம் பிரான்ஸ் பக்கத்தில இருந்து வயது போன ஒரு சோடி ஏறி வந்தினம். இவர் சட்டெண்டு எழும்பி, போட்டிருந்த சேட்டைக் கீழ இழுத்து விட்டு, ஓர்ட்னரைத் திறந்து நீட்டினார். அந்தக் கிழவன் மூக்குக் கண்ணாடியைப் போட்டு, ஆதிரையின்ர நீச்சல் சான்றிதழை மேல இருந்து கீழ வரைக்கும் கவனமாய் வாசிச்சு, தலையை ஆட்டினான். கிழவி இவருக்கு ஒரு அப்ரிகொட் பழம் குடுத்தா. இவர் "மெர்சி" எண்டு வாங்கினார். பிறகுதான் கல்லைத் தாண்டினார். தாண்டி, திரும்ப இஞ்சால வந்தார். திரும்ப அங்கால. நாலு தரம். "வந்து சாப்பிடுங்கோ, சனம் பாக்குது" எண்டு நான் கத்தினன். அவர் சிரிச்சுக்கொண்டு நிண்டார். எனக்கு உண்மையாய்ப் பயமாய்ப் போட்டுது, விசர் பிடிச்சிட்டுதெண்டு.

அதோட முடியேல்லை. இறங்கேக்கை தலை சுத்தி இருந்திட்டார். முகம் சாம்பல். குளிசை எங்கை எண்டு கேட்டன். பைக்குள்ள இடம் இல்லாததால குளிசைப் பெட்டியை அறையில வைச்சிட்டு வந்தவராம்! மூண்டு கிலோ கடதாசிக்கு இடம் இருந்தது, நெஞ்சுக் குளிசைக்கு இடம் இல்லை. கஜந்தி காலை உயத்திப் பிடிச்சு, இராசலிங்கம் அண்ணை வாயில சீனித் தண்ணி விட்டு, ரெண்டு மணித்தியாலம் தாங்கித் தாங்கிக் கொண்டுவந்தம். வழி முழுக்க நான் ஓர்ட்னரைச் சுமந்தன். செத்தால் எந்த நாட்டில பதியிறது எண்டு யோசிச்சுக்கொண்டு வந்தன் எண்டால் நம்புவியளோ? அழவும் இல்லை. அதுக்குப் பிறகும், அறைக்கு வந்து படுத்துக்கொண்டு கேக்கிறார், "அடுத்தது எங்கை?" எண்டு.

ஆகையால் மச்சாள், தயவுசெய்து அவருக்குத் தொலைபேசி எடுத்து, மூத்தவர் என்ற உரிமையில் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மலை வேண்டாம், கோர்சிகா வேண்டாம், வீட்டில் பேசாமல் இருக்கட்டும். நான் கேட்பது அவருடைய உயிரை மட்டும்தான்.

உங்கள் எல்லாருக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும். அண்ணைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சாள்
ஜெயமலர்

பி.கு. இன்று வெள்ளிக்கிழமை. கடிதம் இன்னும் என் பையில்தான். செவ்வாய் பின்னேரம் மனம் கேளாமல், உங்களுக்கு எழுதியிருக்கிறேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். சண்டை பிடிப்பார் என்று ஆயத்தமாக நின்றேன். "சரி, போகேல்லை" என்றார். அவராகவே கஜந்திக்குத் தொலைபேசி எடுத்துப் பெயரை வெட்டச் சொன்னார். அவ்வளவுதான். மூண்டு நாளாய் என்ன சொன்னாலும் ஓம் எண்டுறார். என்ன சமைக்க எண்டா, என்னவும் எண்டுறார். நேற்று உப்பே போடாமல் கறி வைச்சுப் பாத்தன், நல்லாயிருக்கு எண்டு சாப்பிட்டார். குசினிக்காரன், மச்சாள்! அண்டைக்கு மலையில எனக்கு இவ்வளவு பயம் வரேல்லை.

மேல எழுதின ஒண்டையும் கணக்கில எடுக்காதேங்கோ. இவ்வளவையும் திரும்ப எழுத ஏலாது எண்டதால அப்பிடியே அனுப்புறன். மாதம் முடியும் வரைக்கும் கஜந்தி பெயரை வெட்டாமல் வைச்சிருக்கிறாள். அவருக்குப் போன் எடுத்து ஏசுங்கோ, ஏன் போகேல்லை எண்டு. நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ. சுகமோ எண்டு மட்டும் கேக்காதேங்கோ. கேட்டால், சுகம் எண்டு சொல்லிப்போட்டுப் போனை வைச்சிடுவார்.