பதினைந்தாவது பாய்ச்சல்

ஊருக்கு ஒருவர் இருப்பார், வாசகரே, சட்டத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பவர். ஆள் பார்த்துத்தான் வெளியே எடுப்பார். சுவிஸில், நொஷாட்டல் நகரப் பக்கத்தில் அவருக்குப் பாலசிங்கம் என்று பெயர். வண்டி பூட்டிய குதிரைப் பந்தயத்தில் நடுவர். சம்பளமில்லாத வேலைதான், ஆனால் தொப்பி உண்டு.

அந்தப் பந்தயத்தில் குதிரை துள்ளுநடையில்தான் ஓடவேண்டும். நாலுகால் பாய்ச்சலில் கிளம்பிவிட்டால் உடனே இழுத்துப் பிடிக்கவேண்டும். பதினைந்து பாய்ச்சலுக்குள் அடங்காவிட்டால் நீக்கம். பாலசிங்கத்தார் பாதையோரம் கூடவே ஓடும் காரில் உட்கார்ந்து, ஜன்னலை இறக்கி, கழுத்தை நீட்டி, விரல்விட்டு எண்ணுவார்.

எப்படி எண்ணுவார்? பந்தயச் சங்கத் தலைவரின் குதிரை பாய்ந்தால், "ஒண்டு..." என்பார், இருமுவார், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், "எங்க விட்டனான்? சரி, ஒண்டு..." என்று மறுபடி தொடங்குவார். மற்றவர் குதிரையா? "ஒண்டு, நாலு, ஒன்பது, பதினைஞ்சு! வெளியிலை!"

அந்த ஞாயிறு தனுஷியாவுக்கு வாழ்வா சாவா என்ற நிலை. கிழமைதோறும் துன் நகரிலிருந்து ரயிலேறி வந்து வண்டியோட்டப் பழகியவள். ஏற்கெனவே இரண்டு முறை நீக்கம். மூன்றாவதும் விழுந்தால் இந்த வருடம் முழுக்க ஓட்டமுடியாது. கடைசி வளைவில் அவளுடைய குதிரையும் தலைவருடையதும் ஒன்றாகப் பாய்ந்தன, ஒன்றாகவே அடங்கின. நீக்கியது யாரை? கேட்கவும் வேண்டுமா!

"அண்ணை, ரெண்டும் ஒரே இடத்திலைதானே பாய்ஞ்சது?" அவள் நடுவரின் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓம் பிள்ளை. ஆனா தலைவரின்ர குதிரை பயத்திலை பாய்ஞ்சது. உம்மட குதிரை வேணுமெண்டு பாய்ஞ்சது. சட்டமெண்டால் சட்டம்!"

குதிரையின் மனதுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தவரோடு என்னத்தை வாதாடுவது?

ஆனாலும் மனிதர் கல்நெஞ்சர் இல்லை. அழுத பிள்ளையை ஸ்டேஷனில் இறக்கிவிடத் தன் காரையே எடுத்தார். வழி முழுக்க ஒழுங்கைப் பற்றிப் பிரசங்கம். ஐம்பது என்று பலகை நட்டிருந்த இடத்தில் கார் அறுபத்திரண்டில் போய்க்கொண்டிருந்தது. பளிச்! வீதியோரக் கமெரா படம் பிடித்துவிட்டது.

"அநியாயம்! எனக்கு முன்னாலை போனவனும் இதே வேகம்தானே? அவனை ஏன் எடுக்கேல்லை? நான் அவசரத்திலை வந்தனான், வேணுமெண்டே ஓடினனான்?"

தனுஷியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கமெராவுக்கு உங்களை ஆரெண்டு தெரியாதுபோல, அண்ணை."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன கிழமை உங்கள் கட்டடத்துப் பொதுச் சலவை அறையில் தன் முறை முடிந்தும் பத்து நிமிடம் பிந்திய பக்கத்து வீட்டுக்காரிக்குக் கதவில் கடிதம் ஒட்டினீர்களே, அதற்கு முந்தின கிழமை உங்கள் உடுப்பு எத்தனை நிமிடம் மெஷினுக்குள் கிடந்தது? எண்ணிச் சொல்லுங்கள்.

இருமக்கூடாது.