பழவேற்காட்டுச் சேற்றில் மூத்த மாப்பிள்ளை

சகலை நல்லவனாக வாய்ப்பதைப் போன்ற கொடுமை உலகத்தில் வேறில்லை. கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். என் மைத்துனியின் கணவன் ஸ்ரீதர் சொக்கத் தங்கம். (எனக்கு வயிறு எரிந்ததில் என்ன ஆச்சரியம்?)

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பொங்கலுக்கு அவன் அமெரிக்காவிலிருந்து மயிலாப்பூரில் எங்கள் மாமனார் வீட்டுக்கு வந்தான். அதுவரை அந்த வீட்டில் ‘மாப்பிள்ளை’ என்றால் நான்தான். காஸ் சிலிண்டர் தீர்ந்தாலும் நான், டெலிபோன் செத்தாலும் நான். வந்த அன்றைக்கே அவன் ஒரு வீடியோ கேஸட்டைப் போட்டுக் காட்டினான். கடலோரமாக நீண்டு கிடக்கும் ஒரு மணல் தீவு. தீவு முழுக்க அரசாங்கம் பாதுகாக்கும் பூங்கா. காட்டுக் குதிரைகள் இஷ்டத்துக்குத் திரிந்தன. அதில் ஒன்று ஸ்ரீதரின் காருக்குள் தலையை விட்டு அவனை முகர்ந்து பார்த்தது.

“குதிரைக்குக்கூட நம்ம மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கு பாருங்கோ!” என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பூரித்தார் மாமனார். அப்புறம்தான் நான் உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. “இவர் எங்க லோக்கல் மாப்பிள்ளை.”

லோக்கலாம்! எனக்கு ரத்தம் கொதித்தது. “குதிரை என்ன பெரிய குதிரை? நம்ம பழவேற்காட்டுலயும் இதே மாதிரி தீவு இருக்கு. இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் கடல். சரணாலயம். பூநாரை கூட்டம் கூட்டமா நிக்கும். நான் காட்டறேன்” என்றேன். (அதுவரை பழவேற்காட்டை நானே பார்த்ததில்லை.)

வேன் பிடித்து, படகு பிடித்து, புளியோதரை மூட்டையோடு எல்லாரையும் அந்தத் தீவில் கொண்டுபோய் இறக்கினேன். பூநாரைகள் இருந்தன. ஆனால் வெகு தூரத்தில், சுண்ணாம்பால் கோடு போட்ட மாதிரி நின்றன.

“கொக்குதானே மாப்ளே? அடையாறுலயே நிக்கறதே” என்றார் மாமனார்.

“கிளம்பிப் பறந்தா ரெக்கையில சிவப்பு தெரியும். இருங்கோ, கிளப்பி விடறேன்.”

“வேண்டாம் அண்ணா” என்றான் ஸ்ரீதர். “பாதுகாக்கப்பட்ட இடம். தொந்தரவு பண்ணப்படாது.”

என் ஊர்ப் பறவைக்கு இவன் பரிந்து பேசுகிறான்! விறுவிறுவென்று கணுக்காலளவு தண்ணீரில் இறங்கினேன். “சார், எங்க போய்க்கினு கீற?” என்று படகுக்காரர் கத்தினார். ராஜா மாதிரி கையை அசைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் நடந்தேன். முழங்கால் சேற்றுக்குள் போனது. பிறகு தொடையும் போனது.

எங்கள் மாமியார் மாப்பிள்ளையோடு நேரடியாகப் பேசமாட்டார். எதுவானாலும் பெண் வழியாகத்தான். அன்றும் அந்த மரியாதைக்கு ஒரு குறைவும் வரவில்லை.

“ஏண்டி, அவரைக் காலை உதற வேண்டாம்னு சொல்லு.”

“ஏன்னா, காலை உதறாதீங்கோ” என்றாள் என் மனைவி.

“பயப்பட வேண்டாம்னு சொல்லு.”

“பயப்படாதீங்கோ.”

“இடுப்பு வரைக்கும் உள்ள போயிண்டிருக்கேன்னு உங்கம்மாகிட்ட சொல்லுடி!” என்று அலறினேன்.

அந்த அலறலில் பூநாரைகள் மொத்தமும் எழும்பின. வானம் பாதி சிவந்துவிட்டது. “அடடா! அடடா!” என்று மாமனார் கைகூப்பி நின்றார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். சொன்னபடியே காட்டிவிட்டேன். காட்டியவன் அமிழ்ந்துகொண்டிருப்பதைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

ஸ்ரீதர் மட்டும் மேலே பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டையோடு சேற்றில் குப்புறப் படுத்து, மாமனாரின் அங்கவஸ்திரத்தை என் பக்கம் வீசி, அங்குலம் அங்குலமாக இழுத்துக் கரை சேர்த்தான். (பெல்ட் இருந்ததால் மானம் தப்பியது. செருப்பு இரண்டும் சரணாலயத்துக்கே சொந்தமாகிவிட்டன.)

மாமியார் ஓடி வந்தார். என்னைத் தாண்டிப் போய் ஸ்ரீதரின் முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்து, “கொழந்தே, உனக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றார். நேரடியாக! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. சேற்றில் மூழ்கியதைவிட அதுதான் மூச்சு முட்டியது.

இப்போதும் திருவான்மியூர் பீச்சில் காலை நனைக்கலாம் என்று நான் வேஷ்டியைத் தூக்கினால் போதும், என் பெண் செல்போனை எடுத்துவிடுவாள். “அப்பா, எதுக்கும் சித்தப்பாவைக் கூப்பிட்டு வெச்சுக்கட்டுமா?” குடும்பமே மணலில் விழுந்து சிரிக்கும். சித்தப்பா இருப்பது அமெரிக்காவில். கூப்பிட்டால் அந்தப் படுபாவி நிஜமாகவே கிளம்பி வந்துவிடுவான் என்பதுதான் இன்றுவரை என் வயிற்றெரிச்சல்.