தகரத்துக்கு இந்தப் பக்கம்

என் அக்காள் மகனும் இவ்வட்டாரச் சுகாதார அதிகாரியுமான மாப்பிள்ளைக்கு, மாமா ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம் என்று தொடங்குவது முறை. அந்த வரியை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன், மன்னிக்கவும்.

தொற்றுக்காக எங்கள் சந்தின் முனையில் உன் ஆட்கள் தகரம் அடித்ததில் குறையில்லை. பொதுக் கழிப்பறை தகரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். நாற்பது குடும்பமும் ஏறிக் குதிக்கிறது. நான் மட்டும் வயதை உத்தேசித்து அடியில் நுழைகிறேன். ஆறடி இடைவெளி விதியையும் அளந்து பார்த்தேன். நானும் உன் அத்தையும் எதிரெதிர்ச் சுவரில் ஒட்டி நின்றால் சரியாக வருகிறது. ஆனால் நடுவில் அடுப்பு எரிகிறது, யாராவது ஒருவர் கிண்ட வேண்டுமே. எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று காய்ச்சல் பார்க்கும் கருவியையும் பதிவேட்டையும் என்னிடம் கொடுத்தாய். முதல் வாரம் தையற்காரர் நெற்றியில் நூற்றிரண்டு காட்டியது, எழுதினேன். தகரம் எடுக்கக் காய்ச்சலில்லாமல் கழிய வேண்டிய பதினான்கு நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. கூலி போன சந்து எனக்கு முகம் கொடுக்கவில்லை. அன்று முதல் எல்லோரும் நெற்றியில் ஈரத்துணி போட்டு எடுத்த பிறகே கதவைத் திறக்கிறார்கள். கருவி தொண்ணூற்று மூன்று காட்டுகிறது. அதன்படி பார்த்தால் இங்கே பாதிப்பேர் உயிரோடு இல்லை.

இன்று பன்னிரண்டாம் நாள். பக்கத்து அறைச் சுமைக்காரருக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், மூச்சு இழுக்கிறது. "ஐயா, இன்னும் ரெண்டே நாளு. உங்க மிஷினை இந்தப் பக்கம் கொண்டாராதீங்க. தகரத்தை எடுத்துட்டா மூட்டை தூக்கி, அந்தக் காசுல அவரே டாக்டரைப் பாத்துக்குவாரு" என்கிறாள் மனைவி. "மூச்சே விட முடியலையேம்மா, மூட்டை எப்படித் தூக்குவாரு?" என்றேன். "அதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

அதிகப்பிரசங்கமாகப் பட்டால் கிழித்துவிடு. கணக்கைத் திரும்பத் தொடங்காமல் ஒரு மருத்துவரை மட்டும் உடனே அனுப்ப விதியில் இடமுண்டா? இல்லையென்றால் நாற்பது வீட்டுக்கும் பதினான்கு நாள் அரிசியோடு அனுப்பு. நானே உண்மையை எழுதிக் கையொப்பமிடுகிறேன்.

அக்காளை விசாரித்ததாகச் சொல். முகக்கவசத்தைத் துவைத்துப் போடு. நீ நீண்ட ஆயுளோடு இரு.

பி.கு.: மருத்துவர் வேண்டாம். மதியம் சுமைக்காரர் போய்விட்டார். சந்தே அவர் வாசலில் கூடி, மாரடைப்பு என்று முடிவு செய்தது. நான் பேனாவோடு தயங்கினேன். "எழுதுங்க ஐயா. இருக்கற மூணு பிள்ளைங்களும் சாப்பிடணும்ல" என்றாள் அவர் மனைவி. எழுதிவிட்டேன். மேலே உள்ளதை நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள், மாப்பிள்ளை.