பஸ்ஸுக்கு டாட்டா காட்டியவன்

கையைத் தூக்கி ஆட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், எங்கள் ஊர் ரோட்டோரத்தில் நின்று ஒரு பஸ்ஸையாவது நிறுத்திப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறேன். ‘வேவ்’ என்கிற சொல் வந்தால் மட்டும் அவசர அவசரமாக அடுத்த வரிக்குத் தாவிவிடுவேன். கையசைப்பதற்கான அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். பக்கத்தில் ‘டவுன்’ போட்டால் கைகாட்டி வண்டியை நிறுத்துவது. ‘ஆஃப்’ போட்டால் வழியனுப்பி வைப்பது. ‘அசைட்’ போட்டால், ஒருவர் உருப்படியாக ஒன்று சொல்லும்போது “அட, விடுங்க” என்று ஒதுக்கித் தள்ளுவது. (இதற்குக் கை கூட வேண்டாம், திமிர் இருந்தால் போதும்.) பிள்ளைகள் உதாரணம் கேட்பார்கள். என்னிடம் எல்லாவற்றுக்கும் உதாரணம் உண்டு. சொன்னால் அப்புறம் வகுப்பில் மரியாதை இருக்காது.

அப்போது நான் அரியலூரில் கல்லூரி முதலாமாண்டு. ஆங்கில இலக்கியம். நாலு பாடம்தான் நடந்திருந்தது, அதற்குள் லண்டனில் பிறந்து தவறுதலாக இங்கே வந்து சேர்ந்தவன் மாதிரி நடந்துகொண்டிருந்தேன். என் அக்கா தேன்மொழி அப்படியில்லை. அவளுக்கு ஒரே ஆசை, போலீஸ் ஆக வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். அடுத்தது பெரம்பலூர் மைதானத்தில் உடல்தகுதித் தேர்வு. விடிந்ததும் ஆஜராகிவிட வேண்டும், தாமதமாக வந்தால் உள்ளே விடமாட்டார்கள். வயது வரம்பின்படி அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. கல்லங்குறிச்சி பெருமாளுக்கு அம்மா ஏகப்பட்ட வேண்டுதல் வைத்திருந்தாள்.

முதல் நாள் சாயங்காலமே அக்கா கேட்டாள்.

“டேய், சித்தப்பாகிட்ட பைக்க கேட்டு வச்சிருவமா? நம்ம ஊர்ல பஸ்ஸு நிக்கிறதே பெருசு.”

“அட, நீ ஒண்ணு, அக்கா! பஸ்ஸ நான் நிறுத்துறேன். நீ பேசாம படு” என்று கையை ஒரு விசிறு விசிறினேன்.

அவள் சொன்னது நிஜம். அரியலூர்–பெரம்பலூர் ரோட்டில் எங்கள் ஊர் ஒரு முறையான நிறுத்தமே இல்லை. பஸ் நிற்க வேண்டுமென்றால் தார் ரோட்டில் பாதி தூரம் இறங்கி, துண்டையோ பையையோ தலைக்கு மேல் சுழற்றி, “ஓ... ஓ...” என்று கத்த வேண்டும். டிரைவருக்கு இரக்கமோ பயமோ வந்தால் பிரேக் போடுவார். எங்கள் ஊரில் இது நடக்கப் பழகும் குழந்தைக்குக் கூடத் தெரியும்.

மறுநாள் இருட்டு பிரியும் நேரத்தில் ரோட்டுக்கு வந்தோம். அக்கா டிராக் பேண்ட், புது ஷூ. ஓரிடத்தில் நிற்கவே முடியவில்லை அவளுக்கு.

“காலு சூடாவட்டும்டா. புளியமரம் வரைக்கும் ஓடிட்டு வரேன். பஸ்ஸு வந்தா பிடிச்சு வையி.”

“நான் பாத்துக்குறேன், நீ போ.”

அவள் அந்தப் பக்கம் ஓடினாள். அப்போதுதான் எதிர்ப்பக்கத்தில் சுமதி வந்து நின்றாள். சுமதி என் வகுப்புத் தோழி. அரியலூர் மார்க்கெட்டுக்குப் பூ எடுக்க அவள் அம்மாவோடு புறப்பட்டிருந்தாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். (இப்போது யோசித்தால் கொட்டாவியாகவும் இருந்திருக்கலாம்.)

தூரத்தில் பெரம்பலூர் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. என் தோளில் அம்மா கொடுத்த துண்டு இருந்தது. அதை எடுத்துச் சுழற்றியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. சுமதி முன்னால் எப்படிச் சுழற்றுவது? ஓ ஓ என்று கத்தினால் நாளைக்கு வகுப்பில் எந்த முகத்தோடு இங்கிலீஷ் கவிதை வாசிப்பது? ஏதோ ஒரு இங்கிலீஷ் படத்தில் கோட்டு போட்டவர் டாக்ஸியை நிறுத்தியது நினைவுக்கு வந்தது. துண்டைச் சட்டைக்குள் திணித்தேன். ஒரு கையை பேண்ட் பாக்கெட்டில் விட்டேன். மறு கையில் இரண்டே இரண்டு விரலை, நெற்றிக்கு நேரே, அலட்சியமாக உயர்த்தினேன்.

டிரைவர் அதைப் பார்த்தாரா, பார்த்துவிட்டு இவனுக்கு நெற்றியில் அரிப்பு என்று நினைத்தாரா, தெரியாது. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு, என் தலைமுடியைக் கலைத்துவிட்டுப் பறந்தது. பின்படியில் நின்ற கண்டக்டர் என்னைப் பார்த்துப் பரிதாபமாக டாட்டா காட்டினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்கதோஷம், நானும் திருப்பிக் காட்டினேன்.

புளியமரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அக்கா பார்த்தது இதைத்தான். அவள் ஏற வேண்டிய பஸ் போகிறது, தம்பி சிரித்த முகத்தோடு வழியனுப்பிக்கொண்டிருக்கிறான். “டேய்... பாவி!” என்று ஒரு சத்தம். அடுத்து என்னைத் தாண்டி ஏதோ காற்று மாதிரி போனது. அன்று பஸ்ஸுக்குப் பின்னால் அவள் ஓடிய ஓட்டத்தை அந்த அதிகாரிகள் மட்டும் பார்த்திருந்தால், உயரம் எடை எதுவும் பார்க்காமல் அங்கேயே லத்தியைக் கையில் கொடுத்திருப்பார்கள். பார்த்தது நானும் சுமதியும் அவள் அம்மாவும்தான்.

அதற்குள் அரியலூர் பஸ் வந்தது. சுமதி நடுரோட்டில் இறங்கினாள், பூக்கூடையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள், “யோவ், நிறுத்துய்யா!” என்று ஒரு குரல் கொடுத்தாள். பஸ் கிறீச்சென்று நின்றது. ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்த முறை நிஜமாகவே சிரித்தாள்.

அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகும். சித்தப்பா வீட்டுக்கு ஓடினேன், அவர் பைக்கை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போயிருந்தார். திரும்பி ஓடிவந்து வந்த வண்டிக்கெல்லாம் துண்டைச் சுழற்றினேன், தொண்டை கட்டும்வரை கத்தினேன். கடைசியில் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி நின்றது. பெரம்பலூரில் இறங்கும்போது இரண்டு பேருக்கும் புருவம்வரை வெள்ளை.

மைதானத்தின் கேட் சாத்தியிருந்தது. உள்ளே பெண்கள் வரிசையில் நிற்பது கம்பி வழியாகத் தெரிந்தது.

“சார், பஸ்ஸு நிக்கல சார். அஞ்சு நிமிசம்தான் சார் லேட்டு. நான் நல்லா ஓடுவேன் சார்.” அக்கா அதற்கு முன் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

கேட்டில் நின்றவர் கெட்டவரில்லை. “எல்லாருக்கும் ஒரே ரூல்தாம்மா. போங்க” என்று கையை வெளிப்பக்கமாக ஒரு முறை அசைத்தார். அவ்வளவுதான். எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். அவள் ஷூவைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு வெறுங்காலோடு இருந்தாள். ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “டீ குடிடா, மூஞ்சியப் பாரு” என்றாள்.

வீட்டில் அம்மா கேட்டபோதும், “பஸ்ஸு நிக்கலம்மா” என்றதோடு சரி. என்னைக் காட்டிக்கொடுக்கவேயில்லை. ஆனால் சுமதியின் அம்மா எதற்கு இருக்கிறார்? பூ கட்டி முடிப்பதற்குள் ஊர் முழுக்க விஷயம் பரவிவிட்டது. அன்றிலிருந்து சொந்தபந்தத்தில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் முதல் குரல் இதுதான்: “டேய், நீ கையக் கட்டிக்கிட்டு உள்ள போய் உக்காரு. அவங்க வூடு போய்ச் சேரட்டும்.” என் கல்யாணத்தில் வீடியோக்காரர் கையசைக்கச் சொன்னபோது பந்தலே சிரித்தது. அக்காதான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தாள். சிரிக்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது அவள் திருமானூரில் இருக்கிறாள். கரும்பு, நெல், இரண்டு பிள்ளைகள். குறை ஒன்றும் சொல்லமாட்டாள். போன மாதம் அவளை பைக்கில் அழைத்துக்கொண்டு அரியலூர் வந்தேன். வழியில் வாகனச் சோதனை. சின்ன வயசுப் பெண் போலீஸ் ஒருத்தி நின்றிருந்தாள். எங்களைப் பார்த்து, போகலாம் என்று கையசைத்தாள்.

கொஞ்ச தூரம் வந்தபிறகும் அக்கா திரும்பியே உட்கார்ந்திருப்பது கண்ணாடியில் தெரிந்தது.

“அந்தப் பொண்ணு பெல்ட்ட லூசா போட்டிருக்கு பாத்தியாடா?”

“கவனிக்கலக்கா.”

“நானா இருந்தா இறுக்கிப் போட்டிருப்பேன்.”